காப்பாற்றப்பட்ட குழந்தை யார் கணக்கில்?

1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால், அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. தொடர்ந்து கவனித்த மருத்துவர் எம்.கே.பான் குழுவினர், பின்னாளில் ரோட்டா வைரஸ் தாக்கியபோதும் இவர்கள் கடுமையான பாதிப்புக்கு ஆளாகவில்லை என்று கண்டறிந்தனர். 116இ எனப் பெயரிடப்பட்ட அந்த வைரஸிலிருந்து உருவான ‘ரோட்டாவேக்’ சொட்டு மருந்து, 2016இல் இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய 30 ஆண்டுகள்.

இதற்குப் பணம் கொடுத்தது யார்? டெல்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு மட்டுமே இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், நார்வே ஆராய்ச்சி மன்றம், பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறை, கேட்ஸ் அறக்கட்டளை, மருந்தைத் தயாரித்த பாரத் பயோடெக் என ஆறு தரப்பு நிதி அளித்தன. ஆறு தரப்பும் தனித்தனியே பலன் அறிக்கை எழுதினால், காப்பாற்றப்பட்ட ஒரே குழந்தை ஆறு முறை எண்ணப்படும். எண்ணிக்கை பெருகும், எந்த நாட்டு வரிப்பணம் எந்தக் கட்டத்தில் கைகொடுத்தது என்பது மட்டும் தெரியாமலே போகும். ஆராய்ச்சி நிதியின் பலனை மதிப்பிடுவதில் நாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பலனை அளப்பதில் முன்னோடி பிரிட்டன். அங்கு 2014இல் நடந்த ஆராய்ச்சி மதிப்பீட்டில், சமூகத்துக்கு விளைந்த நன்மை பற்றி 6,975 நேர்வுகளைப் பல்கலைக்கழகங்கள் சமர்ப்பித்தன. மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 20 சதவீதம்; 2021இல் அது 25 சதவீதமானது. நேர்வுகளில் மிகப் பெரும்பாலானவை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டன. இது பாராட்ட வேண்டிய நேர்மை. என்றாலும், இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் அரசு நிதி பகிரப்படுகிறது. நிதியை எதிர்பார்த்து நிற்கும் பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கூட்டாளியின் பங்கை முன்னிறுத்தி எழுதுவதற்குக் காரணமே இல்லை.

அதே பிரிட்டனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. இதய நோய் ஆராய்ச்சியில் போட்ட ஒவ்வொரு பவுண்டும் ஆண்டுதோறும் 39 பென்ஸ் மதிப்புள்ள பயனைத் தருகிறது என்பது அதன் முடிவு. அமைச்சர்களுக்கும் நாளிதழ்களுக்கும் பிடித்துப்போன எண் அது. அதைவிட முக்கியமானவை அந்தக் கணக்குக்கு அடிப்படையாக இருந்த இரண்டு அனுமானங்கள். ஆராய்ச்சிக்கும் நோயாளி பெறும் பயனுக்கும் இடையே சுமார் 17 ஆண்டுகள் ஆகும் என்பது ஒன்று. பிரிட்டன் நோயாளிகள் அடைந்த நலனில் அந்நாட்டு ஆராய்ச்சியின் பங்கு 17 சதவீதம்தான் என்பது மற்றொன்று. மீதி முழுவதும் பிற நாடுகளில் பிறந்த அறிவு! ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் அரசுகள் இந்த இரண்டையும் மனதில் கொண்டுதான் ‘எங்கள் பணத்துக்கு என்ன கிடைத்தது?’ என்று விஞ்ஞானிகளைக் கேட்க வேண்டும்.

செலவைக் கணக்கிட உலகத்துக்கு எப்போதோ பொது முறை கிடைத்துவிட்டது. 1963இல் ஓஇசிடி நாடுகளின் வல்லுநர்கள் இத்தாலியின் ஃப்ரஸ்காட்டி நகரில் கூடி, ஆராய்ச்சிச் செலவு என்றால் எது என்று ஒரு கையேட்டில் வரையறுத்தார்கள். ஒரு நாடு ஜிடிபியில் எத்தனை சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறது என்று இன்று ஒப்பிட முடிவது அந்தக் கையேட்டால்தான். பலனுக்கு அப்படிப்பட்ட பொதுக் கையேடு இல்லை. இதழின் தாக்கக் குறியீட்டை வைத்து ஆராய்ச்சியாளரை எடைபோடாதீர்கள் என்று 2012இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும், 2022இல் ஐரோப்பாவில் உருவான ஆராய்ச்சி மதிப்பீட்டுச் சீர்திருத்த ஒப்பந்தமும் சொல்கின்றன. தேவையான எச்சரிக்கைதான். ஆனால், எதை அளக்கக் கூடாது என்பதில் இருக்கும் தெளிவு, எதைச் சேர்ந்து அளப்பது என்பதில் இன்னும் வரவில்லை.

அதற்காக இன்னொரு தரவரிசைப் பட்டியல் வேண்டாம். எந்தத் திட்டத்துக்கு யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில், பொதுவெளியில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு 2012 முதல் ‘ஆர்கிட்’ என்ற உலகப் பொது அடையாள எண் இருக்கிறது. மானியத்துக்கும் அதே போன்ற எண் தருவது தொழில்நுட்பரீதியாகக் கடினமானதல்ல. ஆய்வுக் கட்டுரை, காப்புரிமை, மருத்துவ வழிகாட்டி நெறி என எதில் அந்த எண் வந்தாலும் பணத்தின் தடத்தைப் பின்தொடரலாம்.

இந்தியாவுக்கு இது தக்க தருணம். 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திரட்டிச் செலவிடும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. மானியம் வழங்கும் நாளிலேயே அதற்கு உலகளாவிய எண் தருவது, தோற்றுப்போன திட்டங்களின் இறுதி அறிக்கையையும் வெளியிடுவது, திட்டம் முடிந்து 15 ஆண்டுகள் கழித்து இணைநிதி அளித்த நாடுகளுடன் அமர்ந்து பலனை மதிப்பிடுவது ஆகிய மூன்றையும் அது இப்போதே விதிகளில் சேர்க்க வேண்டும். அந்த மதிப்பீட்டுக்கான செலவையும் மானியத் தொகையிலேயே தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.