கிளிக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்துங்கள்!



வளர்ப்புக் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிப் போடத் தொடங்கினால், நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது தேங்காய் எண்ணெய்ப் புட்டி. அடுத்தது மஞ்சள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பிலைத் தண்ணீர். அதன் பிறகு கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பூச்சி மருந்து. 'அரிப்பு' என்று நாமே நோய்க்குப் பெயர் வைத்து, நாமே மருத்துவமும் பார்த்து முடித்துவிடுகிறோம். புலனத்தில் வலம்வரும் கைமருத்துவக் குறிப்புகளும் இதற்குத் தூபம் போடுகின்றன. இந்தப் பழக்கத்தைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

இறகு கொட்டினால் கிளியின் தோலைப் பார்க்கிறோம். அது அடைபட்டிருக்கும் கூண்டைப் பார்ப்பதில்லை. தீனிக் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. விடிந்தது முதல் இருட்டும் வரை அந்தப் பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பார்த்தால் குற்றவாளிக் கூண்டில் நாம் ஏற வேண்டியிருக்கும் என்ற அச்சமோ, என்னவோ!

எண்ணெய் என்ன செய்கிறது?

இறகு என்பது பறவைக்குப் போர்வை; மழைக்காப்பு; பறக்கும் கருவி. நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்த இழைகளே இறகைப் பறவையின் உடலோடு படியவைத்து வெப்பத்தைக் காக்கின்றன. எண்ணெய் பட்டதும் அந்த இழைகள் ஒட்டிக்கொண்டு சிக்காகிவிடுகின்றன. வெப்பக் காப்பு போய்விடுகிறது. கிளி சும்மா இருக்குமா? ஒட்டியதைச் சரிசெய்ய இன்னும் கூடுதலாக அலகால் கோதும். கோதும்போது நாம் பூசிய அனைத்தும் அதன் வயிற்றுக்குள் போகும். பிடுங்குவதை நிறுத்தப் பூசிய மருந்தே பிடுங்கத் தூண்டுகிறது!

மனிதருக்கான அரிப்புக் களிம்பைப் பூசுவோரும் உள்ளனர். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சின்னஞ்சிறு பறவையின் உடலில் அது சேர்ந்தால் நோய் எதிர்ப்பாற்றலே குன்றிப்போகும். பூச்சி மருந்தின் கதையும் இதுதான். வீட்டுக்குள் வளரும் கிளி இறகைப் பிடுங்குவதற்குப் பேன், உண்ணி காரணமாவது குறைவே. காரணத்தைக் காணாமல் நஞ்சைத் தெளிப்பது என்ன நியாயம்?

முதலில் தலையைப் பாருங்கள்

எந்தக் கிளியாலும் தன் தலை இறகைத் தன் அலகால் எட்டிப் பிடுங்க முடியாது. ஆகவே மார்பும் தொடையும் சிறகின் அடியும் மொட்டையாகி, தலை மட்டும் பளபளவென்று இருந்தால், அது தானே பிடுங்குகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். தலையிலும் இறகு இல்லையென்றால், உடனிருக்கும் பறவை பிடுங்குகிறதா என்று பாருங்கள். இல்லையேல் அலகு–இறகு நோய் எனப்படும் நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். அந்நோய்க்கு இதுவரை மருந்தில்லை. மற்றக் கிளிகளுக்கும் தொற்றும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். இறகு உதிர்ந்து புதிதாய் முளைக்கும் காலத்தில் தோலில் முள்முள்ளாக எழும்பும். அப்போது அரிப்பது இயல்பு. உதிர்ந்த இடத்தில் புது இறகு வந்துகொண்டிருந்தால் கலங்க வேண்டியதில்லை. தோல் வெறுமையாகி, புண்ணாகி, குருதி கசிந்தால் அது வேறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகின் வேர்க்குழி கெட்டு, அவ்விடத்தில் இறகு முளைக்காமலே போய்விடலாம். 'தானாகச் சரியாகிவிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயும் உண்டு, வெறுமையும் உண்டு

பிடுங்குவதற்கு உடற்காரணங்கள் பல. தோலில் பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்று, குடல் ஒட்டுண்ணி, ஈரல் கோளாறு ஆகியன சில. துத்தநாகம் பூசிய மலிவான கம்பியைக் கடித்துக் கடித்து உலோகம் உடலில் சேர்வதும் உண்டு. இவற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எச்சம், குருதி, எக்ஸ்ரே ஆகிய சோதனைகள் வேண்டும். பறவைகளைப் பார்த்துப் பழகிய விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முதல் வேலை. நம் நாட்டில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவர்களிலும் பறவை பார்ப்போர் உள்ளனர். கேட்டு விசாரித்துப் போக வேண்டும்.

உணவும் ஒரு காரணம். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு மிகுதி. உயிர்ச்சத்து ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் பற்றாக்குறை. அதன் தோலும் இறகும் எப்படி நலமாய் இருக்கும்?

மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து 'உடலில் நோயில்லை' என்றால், அப்போதுதான் நம்மீது விசாரணை தொடங்குகிறது. காட்டில் வாழும் கிளி கூட்டமாய்ப் பறந்து, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை இரை தேடுவதிலும் துணையோடு கோதுவதிலும் கழிக்கிறது. நம் வீட்டுக் கிளிக்கோ கிண்ணம் நிறையத் தீனி. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மீதி நாளெல்லாம் ஒரு குச்சியின்மீது நிற்க வேண்டும். அலகுக்கு வேலையில்லை. அருகில் கிடைப்பது தன் இறகு ஒன்றுதான்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-இல் அமேசான் கிளிக் குஞ்சுகளைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். இரையைத் தேடி எடுக்கும் வாய்ப்பும் ஏறி விளையாடப் பொருள்களும் உள்ள கூண்டுகளில் இறகு பிடுங்கும் பழக்கம் தடுக்கப்பட்டது. வெறுங்கூண்டில் பிடுங்கத் தொடங்கிய கிளிகளுக்கும் அவ்வசதிகளைத் தந்தபோது பழக்கம் குறைந்தது. எண்ணெய் எங்கும் தேவைப்படவில்லை!

"கழுத்தில் பட்டை மாட்டினால் போதுமே" என்பார் சிலர். தோலையே கடித்துப் புண்ணாக்கும் கிளிக்கு மருத்துவர் சில காலம் மாட்டச் சொல்வதுண்டு. மற்றபடி, அழும் பிள்ளையின் வாயைப் பொத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பள்ளிக்கூடத்தில் கிளி எதற்கு?

இனி ஆசிரியர்களிடம் வருகிறேன். மாணவர்க்கு உயிரன்பு வளரட்டும் என்று பள்ளியின் அறிவியல் மூலையில் கிளிக் கூண்டு வைக்கும் எண்ணம் நல்லெண்ணமே. ஆனால் பள்ளி முடிந்தால் அந்த மூலையில் யார் இருக்கிறார்? வார இறுதியில் யார்? ஆண்டிறுதி நீள்விடுமுறையில் யார்? பகலெல்லாம் நூறு பிள்ளைகளின் கூச்சல், மாலையானால் ஆளரவமற்ற அமைதி. கூட்டமாய் வாழப் பிறந்த பறவைக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேண்டுமா? அங்கே பாதி மொட்டையாய் நிற்கும் கிளியிடம் பிள்ளைகள் என்ன பாடம் கற்பார்கள்? ஓர் உயிர் நம் கண்முன் தன்னைத்தானே சிதைத்துக்கொண்டாலும், அதைக் கடந்து வகுப்புக்குப் போகலாம் என்ற பாடத்தைத்தான்.

தேர்வில் தேறிய பிள்ளைக்குக் கிளியைப் பரிசளிக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். நம் பச்சைக்கிளி நன்கு பேணினால் இருபது ஆண்டுக்குமேல் வாழும். ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி நாற்பதையும் தாண்டும். பத்து வயதுப் பிள்ளை மணமுடித்துக் குடியேறிய பின்னும் கிளி உங்கள் வீட்டில்தான் இருக்கும். மிதிவண்டியைப் போல் மூலையில் சாத்திவைக்க முடியுமா?

"அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கிளி வளர்த்தோம், இதெல்லாம் யார் பார்த்தார்?" என்று கேட்பவர்க்கு என் விடை இதுதான்: யாரும் பார்க்கவில்லை என்பதுதானே குறை! இன்று சட்டமும் பார்க்கிறது. மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, தக்க இடம், தக்க உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பு ஆகியவற்றை வளர்ப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. நம் காட்டுக் கிளிகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் காப்பும் உண்டு. பாதுகாக்கப்பட்ட இனத்தை உரிமமின்றி வளர்ப்பது குற்றம்.

ஏற்கெனவே கிளி வளர்ப்பவர் செய்ய வேண்டியவை:

1. எண்ணெய், மஞ்சள், களிம்பு, பூச்சி மருந்து அனைத்தையும் உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. விதையைக் குறைத்து, கிளிக்கான குருணைத் தீனி, காரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, சிவப்பு மிளகாய் என்று பழக்குங்கள். சிறிது சிறிதாகவே மாற்றுங்கள். திடீரென மாற்றினால் கிளி பட்டினி கிடக்கும். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் நஞ்சு. பிள்ளைகள் அன்பாய் ஊட்டும் மைலோவும் வேண்டாம்.

3. தீனியைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். தாளில் சுற்றியோ தென்னை மட்டைக்குள் ஒளித்தோ கொடுங்கள். கிழிக்கட்டும், தேடட்டும்.

4. நாள்தோறும் வெறுந்தண்ணீரைப் பனிபோல் தெளித்துக் குளிக்க விடுங்கள்.

5. இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் வரவேற்பறையில் கூண்டு இருக்கக்கூடாது.

6. சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட்டுப் புகையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒட்டாத சட்டி அளவுமீறிச் சூடேறும்போது எழும் ஆவி பறவையைக் கொன்றே விடும்.

7. பிடுங்கும்போது அதட்டாதீர்கள். அதட்டலும் அதற்கு ஒரு கவனிப்புதான். அமைதியாய் விளையாடும்போது அருகில் சென்று பேசுங்கள்.

'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்போம். நாம் கற்றுக்கொடுத்த 'வணக்கம்' என்ற சொல்லைக் கிளி திருப்பிச் சொன்னால் கைதட்டி மகிழ்கிறோம். கைத்தொலைபேசியில் படம்பிடித்து உறவுக்கெல்லாம் அனுப்புகிறோம். நாம் கற்றுக்கொடுக்காத ஒன்றை அது தன் இறகைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொல்கிறதே, அதைக் கேட்க மட்டும் நமக்குக் காதில்லை. இன்றே உங்கள் கூண்டின் அருகே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்த அரைமணி நேரம் உங்களுக்கே சலிப்புத் தட்டினால், அதற்குள்ளேயே வாழும் உயிருக்கு என்ன நேர்கிறது என்பதை நான் சொல்லத் தேவையிராது.