சணப்பை வயலின் புள்ளி அந்து

காரைக்குடிப் பக்கத்தில் பசுந்தாள் உரத்திற்காகச் சணப்பை விதைத்த கொல்லையில் நடக்கும்போது, பட்டப்பகலில் காலடியிலிருந்து எழுந்து நாலடி தள்ளி அமரும் சிறிய அந்துப்பூச்சி, வெண்சிறகில் குங்குமமும் மையும் தொட்டுவைத்தாற்போன்ற புள்ளிகளை உடையதாயின், அது பெரும்பாலும் 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட யுடிதீசா புல்கெல்லாவே. முட்டையிலிருந்து வெளிவரும் மயிர்ப்புழு, இலையைத் தின்று, காயைத் துளைத்து விதையையும் அரித்து, செடியின் விஷத்தைத் தன் சரீரத்தில் சேமித்து, கூட்டுப்புழுவாய் அடங்கிச் சிறகு பெற்ற பின்னும் அவ்விஷத்தையே கவசமாகக் கொள்கிறது. அந்த அலங்காரமெல்லாம் பகைவர்க்கு எச்சரிக்கை. பூத்தவுடன் மடக்கி உழப்போகும் பயிருக்கு, இதைக் கண்டு மருந்தடிப்பது வீண் விரயம் என்பதே என் அபிப்பிராயம். விதைக்கு விட்டவர் விஷயம் வேறு.