நெல்லோடு வேலையும் ரயிலேறுகிறது

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,



காவிரி டெல்டாவில் எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாகக் கிணறு தோண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நிலக்கரிப் படுகை மீத்தேனும் ஷேல் எரிவாயுவும் அந்தத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. பாறையை நீரழுத்தத்தால் உடைத்து வாயு எடுக்கும் ஃபிராக்கிங்குக்கு டெல்டாவில் கதவு சாத்தப்பட்டது அப்படித்தான். அந்தச் சட்டம் உருவாக்கிய வேளாண் மண்டல ஆணையத்துக்கு முதலமைச்சரே தலைவர். அந்தப் பொறுப்பில் இருப்பவர் என்ற முறையில்தான் தங்களுக்கு இந்த மடல்.

தடை கேட்டுப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன். மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் காலமானது, 2017இல் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் திரண்டது, அதே ஆண்டு ஜூனில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது எல்லாம் தாங்கள் அறிந்தவை. அவற்றை மறுபடி சொல்லி மடலை நீட்டப் போவதில்லை. எழுத வந்தது வேலையைப் பற்றி.

எங்கள் ஊர் டீக்கடையில் இப்போது வேறு பேச்சு கேட்கிறது. “மீத்தேன் வேணாம், கேஸ் வேணாம், நிலக்கரி வேணாம்னீங்க. சரி. ஐ.டி.ஐ. முடிச்ச என் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில நிக்கிறான். அவனுக்கு என்ன வழி சொல்றீங்க?” கேட்டவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சோறு போடும் மண்ணைக் காப்பாற்றினோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்குச் சோறு என்று திருப்பிக் கேட்பார்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, தடையால்தான் டெல்டாவின் பிழைப்பு கெட்டது என்று பேசுகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைச் சட்டம் தொடவே இல்லை. காரைக்கால் பக்கம் நிரவியிலிருந்து ஓ.என்.ஜி.சி. வழக்கம்போல இயங்குகிறது. மின்வாரியத்தின் குத்தாலம், திருமாக்கோட்டை மின் நிலையங்கள் இந்த வட்டாரத்து வாயுவை நம்பிக் கட்டப்பட்டவை. ஆக, தடையால் இருந்த வேலையை இழந்தவர் இவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். போனது, வந்திருக்கக்கூடிய வேலை.

வந்திருந்தால் அது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும்? ஒரு துளையிடும் ரிக் வந்து இறங்கினால் சில மாதம் ஊர் அமளிதுமளிப்படும். துளை போடுகிறவர், சிமென்ட் இறக்குகிறவர், கருவி பார்க்கிறவர் எல்லோரும் ரிக்கோடு வந்து ரிக்கோடு போகிறவர்கள். உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது கிராவல் அடிப்பது, டேங்கர் ஓட்டுவது, சமையல், வாட்ச்மேன். அதன்பின் கிணற்றின் வாயில் வால்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். அந்தத் தொழிலில் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். பிறகு அது பாட்டுக்கு நிற்கும், ஆளே வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியொன்றைக் காக்கிறவரை எனக்குத் தெரியும். கம்பி வேலி, தகரக் கொட்டகை, கால் ஒடிந்து கயிறு கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, கையெழுத்து நோட்டு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவர் புது ஆளாகிவிடுகிறார். இத்தனை வருஷ சர்வீஸ் ஒரே நாளில் கரைந்துவிடுகிறது. கிணற்றுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை அவர்.

ஃபிராக்கிங் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீரை மணலும் ரசாயனமும் கலந்து உயர் அழுத்தத்தில் இறக்குவார்கள். வாயு சீறிக்கொண்டு வரும்; ஓரிரு ஆண்டிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வரத்து குறையாமல் இருக்க அடுத்த கிணறு, அதற்கடுத்த கிணறு என்று தோண்டிக்கொண்டே போக வேண்டும். வேலை இருப்பது தோண்டுவதில்தான், தோண்டுவது நின்றால் வேலையும் நின்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஷேல் கிணறுகளைத் தோண்டிப் பார்த்த இடம். லாட்ஜ் வாடகையும் லாரி டிரைவர் சம்பளமும் அங்கே ஏறியது உண்மை. 2012 வாக்கில் வாயு விலை சரிந்ததும் ரிக்குகள் பல மூட்டை கட்டிக்கொண்டு எண்ணெய் கிடைக்கும் பக்கம் போனதும் உண்மை. பக்கத்து நியூயார்க் மாநிலம், பென்சில்வேனியாவில் தோண்டிய அதே மார்செல்லஸ் ஷேல் பாறை தன் காலடியில் கிடந்தும், 2014 டிசம்பரில் தடை அறிவித்தது. இன்றைக்கும் பென்சில்வேனியாவில் தேர்தல் வந்தால் இரு தரப்பும் வேலை எண்ணிக்கையை வைத்து மல்லுக்கட்டுகின்றன. ஒரு தரப்பு ஹோட்டல் சர்வர் வரை சேர்த்து எண்ணும். மறு தரப்பு கிணற்றடியில் நிற்பவரை மட்டும் எண்ணும்.

ஒரு மா, இரண்டு மா என்று துண்டுபட்ட நிலமும் வாய்க்காலும் வடிகாலும் பின்னிக் கிடக்கும் டெல்டாவில் அப்படித் தோண்டிக்கொண்டே போக இடமேது? அந்த வேலைக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் எங்கள் தரப்புக் கணக்கும் சுத்தமில்லை. விவசாயம் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை தருகிறது என்று மேடையில் முழங்குகிறோம். வயலில் இறங்கிப் பார்த்தால் தெரியும். அறுப்புக்குச் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து பெல்ட் வண்டி வருகிறது, ஓட்டுகிறவரும் கூடவே வருகிறார். நான்கு வரப்பு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. பெண்களுக்குக் களையெடுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது; அதையும் களைக்கொல்லி தின்கிறது. கூலி வேலை என்பது வருஷத்தில் சில வாரம்தான், மற்ற நாளில் சித்தாள் வேலைக்கு பஸ் ஏற வேண்டும்.

எனக்கு இதைவிட உறைப்பது வேறொன்று. கொள்முதல் பருவத்தில் தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். லாரி லாரியாக நெல் மூட்டைகள் வந்து வேகனில் ஏறும். தருமபுரி, சென்னை என்று வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. விளைவது இங்கே. அவிப்பது, உலர்த்துவது, அரைப்பது, தவிட்டில் எண்ணெய் எடுப்பது, பை போட்டு விற்பது எல்லாம் வேறெங்கோ. டெல்டாவில் ஆலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளைச்சலுக்குத் தக்க அளவில் இல்லை. நமக்கு மிஞ்சுவது ஏற்றுக்கூலி.

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கேவலம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். வாசலில் குவிந்த நெல்லைப் படுதா போட்டு மூடுவதும், வெயில் தலைகாட்டினால் தார்ச்சாலையில் பரப்பிக் காலால் கிளறுவதுமாக நாள் போகும். மூடிய குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும். அடியில் முளை விட்டிருக்கும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு நம் அரசு டில்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து பையில் மாதிரி அள்ளிப் போகும். எந்தக் கட்சி ஆட்சியிலும் இந்தச் சடங்கு மாறியதில்லை. இத்தனைக்கும், 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய அமைப்புதான் இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. நெல்லை எப்படி உலர்த்துவது, எப்படி அவிப்பது என்று தெரிந்தவர்கள் கொள்முதல் நிலையத்துக்கு பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

நான்கைந்து கொள்முதல் நிலையங்களுக்கு ஒரு உலர்த்தி, குறுவட்டத்துக்கு ஒரு அரவை ஆலை என்று வந்தால் அதற்கு ஃபிட்டர் வேண்டும், எலெக்ட்ரீஷியன் வேண்டும், கொதிகலன் பார்க்க ஆள் வேண்டும். திருப்பூரில் நிற்கிற பையன்கள் படித்தது இதைத்தான். வற்றிப்போன எண்ணெய்க் கிணறுகளைச் சிமென்ட் போட்டு நிரந்தரமாக மூடி, கொட்டிய கிராவலை அள்ளி, மறுபடி வயலாக்கித் தருவதும் வேலைதான். அதைச் செய்ய வேண்டியது எடுத்தவர்களின் கடமை. உள்ளூர் ஆட்களை வைத்துச் செய் என்று கேட்டு வாங்க வேண்டியது மாநில அரசின் கடமை. கிணற்றடியில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர், கிணறு மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற பட்டியலை ஆணையம் கேட்டு வெளியிட்டால் நல்லது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தடை நாம் நினைப்பதுபோல் உறுதியாக இல்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்க்காமலே சட்டம் வந்தது. 2021இல் அரியலூரிலும் கடலூரிலும் கிணறு தோண்ட விண்ணப்பம் வந்தது, அரசு மறுத்தது. சட்டத்துக்கு வெளியே இருக்கிற ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே கொடுக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பிய பின் 2025இல் அதைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் ஊர் திரண்டதால்தான் நின்றது. ஊரிலேயே பாதிப் பேர் “வரட்டுமே, நாலு பேருக்கு வேலை கிடைக்கும்” என்று கிராம சபையில் எழுந்து சொன்னால் அப்புறம் எந்தச் சட்டம் நிற்கும்?

அடுத்த குறுவை கொள்முதலுக்கு முன்னால் ஆணையத்தைக் கூட்டுங்கள். உலர்த்திக்கும் அரவைக்கும் எத்தனை கோடி, எந்தெந்த ஒன்றியத்தில், எத்தனை நிரந்தர வேலை என்று அதில் முடிவெடுங்கள். நிலம் உள்ள சங்கத் தலைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசாமல், விவசாயத் தொழிலாளர்களையும் கிணற்றடி ஒப்பந்த ஊழியர்களையும் எதிரே உட்கார வைத்துப் பேசுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
திருவாரூர் மாவட்ட வாக்காளர் ஒருவர்