காட்டைக் காக்கும் செலவில் தலைநகருக்கும் பங்குண்டு

திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்குப் பெரிதும் ஆதாரமாக இருப்பது கரமனை ஆறு. அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் அந்த ஆற்றைப் பேப்பாறை அணை தேக்கிவைக்க, கீழே அருவிக்கரையில் சுத்திகரித்து நகருக்கு அனுப்புகிறார்கள். அணையும், அதைச் சூழ்ந்த 53 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமும் 1983 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. இரண்டு பருவமழைகளையும் உறிஞ்சிவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது, பசுமைமாறாக் காட்டின் மட்கு படிந்த மண். அந்தக் காட்டு மரங்களின் விதைகளைப் பரப்புவதில் இருவாச்சிக்கும் சிங்கவால் குரங்குக்கும் பெரும்பங்கு உண்டு. ஆக, விலங்கைக் காப்பது வேறு, தண்ணீரைக் காப்பது வேறு என்று பிரித்துப் பேச இங்கே இடமில்லை. வெட்டியதற்கு ஈடாக அக்கேசியாவும் தைலமரமும் நட்டால் போதும் என்பவர்கள், பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று எண்ணிவிடுகிறார்கள்.

இந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. பெருமை எல்லோருக்கும் உரியதாயிற்று. இழப்பு மட்டும் காட்டோரத்தில் வாழ்பவர்களுடையது. யானையும் காட்டுப்பன்றியும் அழிக்கும் மரவள்ளியும் வாழையும் காணிக்காரப் பழங்குடியினருடையவை, விதுரா, அம்பூரி பக்கத்துச் சிறு விவசாயிகளுடையவை. தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குச் சரணாலயங்களையும் சுற்றி, கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் உத்தரவிட்டபோது கேரள மலையோரம் கொதித்தெழுந்தது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது. அந்த எதிர்ப்பைக் காட்டின் மீதான பகை என்று தள்ளிவிடுவது அநியாயம். பயன் ஓரிடத்திலும் பாரம் வேறிடத்திலும் இருந்தால் எந்தச் சட்டமும் மக்கள் மனத்தில் நிற்காது.

எனவே நகரத்துக் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம். 2023 பிப்ரவரியில்தானே லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள், இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது என்று கேட்கலாம். அந்த உயர்வுக்குச் சொன்ன காரணம் நீர் ஆணையத்தின் நட்டம். மலைக்கு அதில் பங்கில்லை. ஏழை வீடுகளுக்கு விலக்களித்து, ஹோட்டல்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும் தொடங்கலாமே. அரசு ஏற்கெனவே இழப்பீடு தருகிறது என்பதும் சரிதான். ஆனால் அது யானை வந்துபோன பிறகு, மனுப்போட்டுக் காத்திருந்து வாங்கும் தொகை. நான் கேட்பது காட்டைக் காப்பதற்கான பங்கு. இதற்கு முன்மாதிரியும் இதே மலையில் உண்டு. காணிக்காரர்கள் காட்டித் தந்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியபோது, உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் சரிபாதியை அவர்களுக்கு என்று ஒதுக்கியது. அவர்களுக்கான அறக்கட்டளை 1997-இல் பதிவாயிற்று. அந்தத் திட்டம் பின்னாளில் தடுமாறியது உண்மையே; அதற்காக அதன் நியாயம் பொய்யாகிவிடாது. ஒரு செடிக்குக் கொடுத்த பங்கைத் தண்ணீருக்கும் கொடுங்கள். அடுத்த கட்டணத் திருத்தத்திலேயே கேரள அரசு இதைச் சேர்க்க வேண்டும். திருவனந்தபுரம் மாநகராட்சி தானே முன்வந்து அதைக் கேட்க வேண்டும்.