வெட்டுவது வேறு, பங்கிடுவது வேறு

1997 ஜனவரி 1ல் சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்தைப் பிரித்தார்களே, எங்கள் புதுச்சத்திரத்தில் ஒரு வீடு சேலத்துக்கு, அடுத்த வீடு நாமக்கல்லுக்கு என்றா பிரித்தார்கள்?

மெயின்பிரேமில் டி.எஃப்.சார்ட்டுக்கு வெறும் 'ஸ்பிளிட்' என்று எழுதினால் அப்படித்தான் செய்யும். சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவதுபோல் ஒரு பதிவு இந்தக் கோப்பில், அடுத்தது அந்தக் கோப்பில். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்பை இப்படி உடைத்து, ஒரு அம்மாளின் கணக்கு பொருந்தாமல் இரண்டு மாதம் நிலுவை நின்றது. 'கம்ப்யூட்டர் தப்பு' என்றார்கள். இல்லை ஐயா, எழுதியவர் தப்பு!

'ஸ்பிளிட்1ஆர்=10000' என்றால் வரிசை கலையாமல் பத்தாயிரம் பத்தாயிரமாக வரும்; மீதி கடைசிக் கோப்பில். எல்லையிலும் ஒரே ஆள் வெட்டுப்படக் கூடாதென்றால் 'இன்க்லூட்' போட்டு எண்வாரியாகப் பிரியுங்கள்.

பிரெஞ்சு மீடியத்தில் வெட்டுவதற்கு 'கூப்பே', பங்கிடுவதற்கு 'பர்தாஜே' என்று படித்தவன் நான். பங்கிடுங்கள், வெட்டாதீர்கள்.