யாதவகிரியில் பிறந்த வண்டி

பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நம்மிடம் கேட்ட அன்பர்கள் இவ்வாண்டில் மட்டும் மூவர். பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் நம்மிடம் இதைக் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஊரிலிருந்து வண்டியை ரயிலில் வரவழைப்பது எப்படி என்று விசாரிக்க வருகிறவர்கள், அதோடு மற்ற சந்தேகங்களையும் கேட்டுவிடுகிறார்கள். வேறு காரணம் இல்லை. நாம் மெக்கானிக் அல்லோம். ஆயினும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் பத்தொன்பது வருஷம் மாட்டுக் கொட்டகையில் கிடந்த 1968-ஆம் ஆண்டு ஜாவா ஒன்றை வாங்கி, அதற்கு மீண்டும் உயிர் கொடுத்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் உடனிருந்து பார்த்தோம். அங்கே கண்டதையே எழுதுகிறோம்.

மைசூரில் குடியேறிய நமக்கு இந்த வண்டி அயலூர்ச் சரக்கு அன்று. செக்கோஸ்லோவாகியாவில் ஜானெச்செக் என்பவர் 1929-இல் தொடங்கிய ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, இரானி குடும்பத்தார் நம் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையை நிறுவினார்கள். அப்போது மாநில கவர்னராக இருந்த ஜயசாமராஜ உடையார் 1961-இல் அதைத் திறந்து வைத்தார். 1970-களில் வண்டியின் பெயர் யெஸ்டி என்று மாறிற்று. ஈரானிலுள்ள யஸ்த் நகரின் பெயரை ஒட்டி வந்த பெயர் அது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்களில் சாரிசாரியாகச் சென்ற தொழிலாளரில் நம்மவரும் இருந்தனர். மேற்படி அன்பரின் தகப்பனார் அவர்களில் ஒருவர். சேலத்திலிருந்து வந்து, என்ஜின் பூட்டும் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் பணி புரிந்தவர். இப்போது எண்பது வயது கடந்துவிட்டது.

வண்டியைப் பார்க்குமுன் அதன் காகிதத்தைப் பாருங்கள். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். என்ஜினில் பொறித்த எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. எண் மாறியிருந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடுவது நலம். நம் அன்பர் வாங்கிய வண்டி நஞ்சன்கூட்டில் காலமான ஓர் ஆசிரியரின் பெயரில் இருந்தது. இறந்தவர் கையெழுத்திட முடியாதல்லவா? ஆகவே வாரிசுதாரர் முதலில் 31-ஆம் எண் படிவத்தின் மூலம் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே 29, 30 ஆகிய படிவங்களில் விற்கவேண்டும். ஆசிரியருக்குப் புதல்வர் இருவர். ஒருவர் பெங்களூரில், மற்றவர் கடல் கடந்து. அந்த இரண்டாமவரின் சம்மதக் கடிதம் வந்துசேரவே நாலு மாதம் ஆயிற்று. எம். ஒய். என்ற எழுத்துக்களில் தொடங்கும் அந்தக் காலத்து எண் கைப்பதிவேட்டில் மட்டுமே இருந்தபடியால், அதைக் கணினியில் ஏற்றுவதற்குத் தனியே ஒரு மனு. விலை 45,000 ரூபாய், அன்பரின் மனைவியார் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். அம்மையார் பணத்தைக் கொடுத்தார். ஆனால் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்த ரசீதைக் காட்டும்வரை பாதித் தொகையைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொண்டார். எட்டு மாதத்திலும் நாம் கண்ட மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-இல் தனி விதி செய்திருக்கிறது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு உபயோகிக்கக் கூடாது. வேலைக்குப் போய்வர வேண்டும் என்பவர் அந்த வழியில் போகாமல், பழைய எண்ணிலேயே சாதாரணமாகப் புதுப்பித்துக்கொள்வதே தகும்.

இனி யந்திரம். வண்டி வீடு வந்து சேர்ந்ததும் ஆவலினால் கிக்கரை மிதித்து மிதித்துப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. வருஷக்கணக்கில் நின்ற என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும். பலங்கொண்டு மிதித்தால் வளையம் ஒடியும். ஒடிந்த துண்டு சுவரைக் கீறும். அன்பர் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே கொஞ்சம் டீசலும் எண்ணெயும் விட்டு, ஒரு வாரம் சும்மா விட்டுவிட்டார். எட்டாம் நாள் பின்சக்கரத்தைக் கையால் தள்ளியபோது உள்ளே ஏதோ மெல்ல நெகிழ்ந்தது. கிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த வண்டியில் கிக்கரும் கியரும் இடப்பக்கத்தில் ஒரே தண்டுதான். உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர், மிதித்தபின் முன்னுக்குக் கொண்டுவந்தால் கியர். புதிதாக வாங்குகிறவர் வலப்பக்கம் கிக்கரைத் தேடிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

பெட்ரோல் டாங்கில் இருந்தது பெட்ரோல் அன்று, வார்னிஷ். அதை வடித்து, ஒரு பிடி நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டு, மாவு சலிப்பதுபோல் டாங்கைக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். கார்புரேட்டரின் ஜெட் துவாரம் மயிரிழை போன்றது. பிசின் அடைத்த அதைக் கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிப் பெட்ரோல் அளவு கெட்டுவிடும். ஊறவைத்துக் காற்றால் ஊதவேண்டும். டைனமோவின் முனையிலுள்ள பாயிண்டுகள் பூத்துப் போயிருந்தன. நீர்க்காகிதத்தால் மெதுவாகத் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்ததும் பிளக்கில் நீலப் பொறி வந்தது. டயரில் ரப்பர் நன்றாயிருந்தது என்று மெக்கானிக் பையன் சொன்னான். பக்கச் சுவரிலுள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள் என்றோம். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின்னிரண்டும் வருஷம். எண் 3104, அதாவது 2004-ஆம் வருஷத்து டயர். அது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊஞ்சலாயிற்று.

இவ்வளவும் ஆனபின், வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய் கலந்து ஊற்றி மிதித்தார்கள். ஏழாம் மிதியில் பற்றிக்கொண்டது. அந்த இரட்டைக் குழல் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஆனால் கூடவே வெண்புகை! பால்காரர் தெரு முழுவதும் மூடிக்கொண்டது. பழைய எண்ணெய் எரிந்து தீர்ந்தால் நின்றுவிடும் என்றார் மெக்கானிக். மறுவாரமும் நிற்கவில்லை. உடனே அவர், சிலிண்டர் தேய்ந்துவிட்டது, போர் போட்டுப் புதுப் பிஸ்டன் இடவேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்று கணக்குச் சொன்னார். அம்மையாரிடம் மீதி இருந்த சீட்டுப் பணம் அவ்வளவும் அதற்கே சரியாகிவிடும். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி தேடவேண்டியதுதான்.

அதுவரை திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்த தகப்பனார், ஆலை மூடிய நாள் முதல் அந்த வண்டிகளைப் பற்றி வீட்டில் வாய் திறவாதவர், கியர் பெட்டியில் எவ்வளவு எண்ணெய் விட்டாய் என்று மகனைக் கேட்டார். முக்கால் லிட்டர் என்றார் மகன். இப்போது வடித்து அள என்றார் பெரியவர். அளந்தார்கள். அரை லிட்டருக்கும் குறைவாக இருந்தது. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிறகு எங்கே போயிற்று?

இதை நேயர்கள் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறையே ஒரு காற்றுப் பம்பு போல வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது அந்த அறை உறிஞ்சுகிறது. கீழே இறங்கும்போது, உறிஞ்சிய கலவையை மேலே தள்ளுகிறது. பம்பு வேலை செய்ய அறை இறுக்கமாக மூடியிருக்கவேண்டும். கிராங்க் தண்டு வெளியே வரும் இரு பக்கத்திலும் அந்த மூடுதலைச் செய்வது ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம். ஓடாமல் கிடந்தால் அது காய்ந்து கல்லாகிவிடும். ஜாவாவில் இடப்பக்கச் சீலுக்கு அப்பால் பிரைமரி செயினும் கியர் எண்ணெயும் இருக்கின்றன. சீல் கெட்டால் அறை அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்துப் புகையாக்கிவிடும். வலப்பக்கம் டைனமோ; அங்கே கெட்டால் எண்ணெய்க்குப் பதில் வெறுங்காற்று நுழையும். அப்போது புகை இராது. மாறாக என்ஜின் தானே அலறி ஓடும், மெதுவோட்டத்தில் நிற்காது, சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முன்னது பணத்தைத் தின்னும். பின்னது ஓடும் வண்டியில் சக்கரத்தையே நிறுத்திவிடும் என்பதால் இரண்டில் அதுதான் ஆபத்தானது.

பெரியவர் எழுந்து வந்து முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். கை நடுங்கியது. ஆகவே அவர் சொல்ல, மகன் செய்தார். இடப்பக்க மூடி, கிளட்ச், செயின் என்று வரிசையாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் கழற்றிய ஒழுங்கிலேயே வைக்கச் சொன்னார். வெளியே வந்த சீலை விரலால் அழுத்திப் பார்த்து, வேர்க்கடலைத் தோலைப் போல நொறுக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் புதுச் சீல் போட ஆன செலவு சில நூறு ரூபாய். சிலிண்டரைத் தொடவே இல்லை. சைலன்சர்களின் உள்குழலைக் கழற்றி நெருப்பில் வாட்டிக் கரியைத் தட்டியதும் புகை பழைய அளவுக்கு, அதாவது இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு உரிய இளநீலத்துக்கு, வந்துவிட்டது. மெக்கானிக் நேர்மையற்றவர் என்று நாம் கருதவில்லை. இருபத்தெட்டு வயதுக்காரர்; அவர் தொழில் பழகியதெல்லாம் நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில். அதில் வெண்புகை என்றால் தேய்ந்த வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவரிடம் வந்து உட்காருகிறார். நோட்டுப் புத்தகமும் கொண்டுவருகிறார்.

உதிரிபாகம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் புதிய நிறுவனத்தின் கையில் மீண்டும் சந்தைக்கு வந்துள்ளன. பெயர் ஒன்றாயினும் அவை மத்தியப் பிரதேசத்தில் செய்யப்படும் நாலு ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் என்ஜின் பாகம் எதுவும் நம் பழைய வண்டிக்குப் பொருந்தாது. பெட்ரோலிலும் இப்போது எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாயை ஊதவைக்கும். குழாயைப் புதிதாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

ஊரிலுள்ள அப்பாவின் வண்டியைக் கொண்டுவர நினைப்போர்க்கு நம் இலாகா விஷயம். டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் பார்சலில் ஏற்றமாட்டோம். பதிவுப் புத்தகத்தின் நகலும் அடையாளச் சீட்டும் வேண்டும். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டி, பெறுவோர் விலாசத்தை இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஹெட்லைட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள். இன்று அந்தக் கண்ணாடி கிடைப்பது அரிது. வண்டியோடு ஆட்சேபணையின்மைச் சான்றிதழும், அதாவது 28-ஆம் எண் படிவமும், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வரவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடக எண் வாங்கி இங்குள்ள வரியும் கட்டவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

நம் அன்பரின் வண்டி இன்னும் தெருவுக்கு வரவில்லை. பெயர் மாறிவிட்டது; புதுப்பிப்புக்கான பரிசோதனை நாள் அடுத்த மாதம் இரண்டாம் வாரம். இன்ஷூரன்ஸும் அதன் பிறகே. அதுவரை வாரம் ஒருமுறை முற்றத்தில் ஸ்டாண்டில் நிறுத்திக் கால் மணி நேரம் ஓட்டுகிறார்கள். பெரியவர் ஒவ்வொரு முறையும் கியர் எண்ணெயை அளக்கச் சொல்கிறார்.