வலிப்பை மறைக்காதீர்கள்!

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் தெருவெல்லாம் சொல்லுகிறாள். வலிப்பு வந்தாலோ கதவைச் சாத்திக்கொள்ளுகிறாள். ஏன்?

"நாளைக்கு இந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?" என்ற பயம்தான்! புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும் சரி, வேறு எந்த ஊரானாலும் சரி, பயம் ஒன்றுதான்.

அந்தப் பயத்துக்குச் சட்டமே இடம் கொடுத்த காலம் உண்டு. 1976-ம் ஆண்டில் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் மணம் செய்துகொள்ளத் தடை வந்தது. 1999-ம் ஆண்டில் அந்தத் தடை நீங்கியது. சட்டம் மாறிவிட்டது, மனம் மாற வேண்டாமா?

பேய் அல்ல!

மூளையில் மிக நுண்ணிய மின்சாரம் ஓடுகிறது. அது திடீரென்று தாறுமாறாகும்போது வலிப்பு வருகிறது. அது பேயும் அல்ல, சாபமும் அல்ல, ஒட்டுகிற நோயும் அல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால், 100-க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மறைக்காத தகப்பன்

இங்கிலாந்தில் வெஸ்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய கைக்குழந்தை, சலாம் போடுவதுபோல் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. அதன் வளர்ச்சியும் நின்றுபோயிற்று. அட்டை விட்டுப் பார்த்தார். மருந்து கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. அவர் வெட்கப்பட்டு மூடி மறைக்கவில்லை. "வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று 1841-ம் ஆண்டில் மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்!

அந்த நோய்க்கு இன்று மருந்து உண்டு. ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஒளித்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

கழுத்து நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? "மெதுவாக வளரும்" என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான், 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. குழந்தை வைத்தியமும் நரம்பு வைத்தியமும் அங்கே உண்டு.

சாவி வேண்டாம்; கடிகாரம் போதும்

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூடக் கூடாது. குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வலிப்பு நின்றுவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

தாய் மட்டுமா?

எல்லாக் குழந்தைகளும் பூரணமாகக் குணமாகிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் நடக்கத் தாமதமாகும். சிலர் பேசாமலே இருந்துவிடலாம். ஆனால் அவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே!

ராத்திரியெல்லாம் கண் விழிப்பவள் தாய். "உன் வயிற்றில் பிறந்ததுதானே!" என்ற பேச்சைக் கேட்பவளும் தாய். இது அநியாயம்! தகப்பன் ஒரு ராத்திரி விழிக்கட்டும். மாமியார் ஒரு வேளை மருந்து கொடுக்கட்டும். பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்கு அழைக்கும்போது, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லட்டும்.

பள்ளிக்கூடமும் உண்டு. 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்கு முதலில் கதவைத் திறக்க வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்தது யாருடைய குற்றமும் அல்ல. பிள்ளையை மறைத்து வைப்பதுதான் குற்றம்!